உள்ளேரியில் பால் காய்ச்சாதே

செல்வம், நீ கொடுத்துவிட்டுப் போன கிரகப்பிரவேசப் பத்திரிகையை நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட் பக்கத்தில் என் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்தின் கீழே விரலை வைத்து நகர்த்தி, மஞ்சள் தடவிய மூலையிலிருந்து ஆரம்பித்தேன். என் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். உன் கல்யாணப் பத்திரிகையிலும் என் பெயர் இருந்தது என்று சொன்னார்கள். அன்றைக்கு அது எனக்கு வெறும் கறுப்புக் கோடு. இன்றைக்கு அது என் பெயர். மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அது என் பெயராகவே இருந்தது. எழுபது வயதில் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறவனைப் பார்த்தால் தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது, சிரித்தேன். அந்தச் சிரிப்போடு கீழே வந்து, கடைசியில் 'இடம்' என்று போட்டிருந்ததையும் படித்தேன். பெரிய எழுத்தில் ஏரிச்சாரல் நகர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ளேரி, புங்கமங்கலம். அத்தோடு சிரிப்பு போய்விட்டது. அது நின்று நான்கு நாள் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு வயசு காரணமில்லை.

நான் எழுதக் கற்றுக்கொண்டதை நீ ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாய். தப்பில்லை. முதல் மாடி மாமி பால் பாக்கெட் எடுக்க இறங்கி வரும்போதெல்லாம் பத்து நிமிஷம் நின்று, "நேத்து குடுத்தத எழுதிண்டு வந்தாச்சா?" என்று கேட்டுக் கேட்டு, ஒன்றரை வருஷத்தில் என்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது மயிலாப்பூரில் நான் நடந்தால் பத்து நிமிஷ தூரத்துக்கு அரை மணி ஆகிறது. பஸ்ஸின் நெற்றியில் இருப்பது, கடை போர்டு, சுவரில் எழுதியிருப்பது, மருந்துச் சீட்டில் அச்சடித்திருப்பது, எதையும் விடுவதில்லை. டீக்கடைக்காரர் ஒரு நாள், "இன்னா நைனா, போர்டையே மொறைச்சிக்கினு கீற, கடைய வாங்கப் போறியா?" என்றார். "படிச்சிக்கினு கீறேன்" என்றேன். "படிச்சிட்டு இன்னா கலெக்டர் ஆவப் போறியா?" என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக எல்லோரும் என்னைச் சுற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தது போலவும், இப்போதுதான் எனக்கும் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பது போலவும் இருக்கிறது.

ஆனால் இந்தக் கடிதம் அந்தச் சந்தோஷத்துக்காக எழுதுவது இல்லை. உன்னிடம் வாயால் சொல்ல முடியாத ஒன்று எனக்கு இருக்கிறது. ஏன் முடியாது என்றால் உன் அம்மா. நாங்கள் இருப்பது இந்த அபார்ட்மெண்ட்டின் பின்பக்கத்து ஒரே அறை. நான் போனில் தும்மினாலும் அவளுக்குக் கேட்கும். நீ வரும்போது உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். அவள் மூன்றாம் மாடியில் பாத்திரம் தேய்க்கப் போகிற நேரத்தில் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நான் முதலில் செய்த பாவம் ஒன்று, இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தது இன்னொன்று.

நீ அந்த வீட்டை வாங்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து நான் என்னென்ன சாக்கு சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஆழ்வார்பேட்டைக்கு வேலைக்கு வர தூரம் என்றேன். ரயில் இருக்கிறது என்றாய். பாம்பு வரும் என்றேன். காம்பவுண்டு கட்டுகிறார்கள் என்றாய். குழந்தைக்கு நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்றேன், ஜாதகத்தில் இந்த வருஷம் வீடு வேண்டாம் என்று இருக்கிறது என்றேன். ஜாதகம் பார்க்கப் போனதே இல்லை, பொய்தான். கடைசியில் நீ எழுந்து நின்று, "நைனா, நாங்க நல்லா இருந்தா உனக்குப் புடிக்காதா?" என்று கேட்டாய். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ரேவதி உன் கையைப் பிடித்து இழுத்தாள். உன் அம்மா என்னைப் பார்த்து, "கெயவனுக்கு மெட்ராஸ உட்டுப் போவ மனசில்ல. எங்கப்பன் மண்ணுல எம்புள்ள வூடு கட்டறான். அது உனுக்கு ஆவல" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சரி என்று சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

அவளுக்கு அது பிறந்த ஊர். எனக்கும் அந்தப் பக்கம்தான் என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர் எப்படிப்பட்டது என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. நீ சின்ன வயசில் கேட்டபோதெல்லாம், "ஏரி கீது, சந்த கீது, வேற இன்னா கீது" என்று முடித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

செங்கல்பட்டு தாண்டிப் பெரிய ரோட்டிலிருந்து கிழக்கே பிரிந்து போனால் புங்கமங்கலம். கடைத்தெரு, ஒரு சிவன் கோயில், ஒரு போலீஸ் ஸ்டேஷன், வியாழக்கிழமை சந்தை. அதற்கு மேல் அங்கே ஒன்றும் கிடையாது. ஆனால் சுற்றியிருந்த ஐந்து குக்கிராமங்களுக்கு அதுதான் பட்டணம். உப்பு வாங்கவும் அங்கே போக வேண்டும், நியாயம் கேட்கவும் அங்கே போக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் இருந்தது ஏரி. ஏரிக்கரைக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தண்ணீர். எங்கள் ஊரான மடைக்கால், இன்னும் மூன்று ஊர், புங்கமங்கலத்தின் நல்ல நிலமெல்லாம் கரைக்குக் கீழேதான். உள்ளேரி மட்டும் ஏரிக்கு அந்தப் பக்கம், மழைத்தண்ணீர் ஓடி வந்து தேங்குகிற பக்கத்தில் இருந்தது. அவர்கள் நிலத்துக்கு ஏரித் தண்ணீர் ஒரு சொட்டுப் பாயாது. கேழ்வரகும் வேர்க்கடலையும் போட்டு, வெயில் காலத்தில் ஏரி வற்றினதும் அந்தச் சேற்றில் கிர்ணியும் வெள்ளரியும் போட்டுப் பிழைத்தார்கள். ஏரியால் அவர்களுக்கு வந்தது பயம் மட்டும்தான். ஏரி தன் அளவைத் தாண்டி இரண்டு அடிக்கு மேல் ஏறினால், அந்தச் சமமான பூமியில் தண்ணீர் அவர்கள் அடுப்புவரை போய்விடும்.

ஏரியின் அளவை வைத்திருந்தது கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையின் ஒரு ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் பதித்திருப்பார்கள், அதுதான். கல் வரைக்கும் ஏரி, கல்லுக்கு மேல் வந்தது வெளியே. அந்தக் கல்லுக்கும் மடைக்கும் காவல் எங்கள் குடும்பம். நீர்க்கட்டி என்பார்கள். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது, எல்லாம் என் அப்பா பார்த்தது, அவர் போன பிறகு நான் பார்த்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

மழைக்கு முன்னால், புரட்டாசி கடைசியில், ஒரு வழக்கம் உண்டு. கல் நடப்பது என்று சொல்வோம். உள்ளேரியிலிருந்து ஒரு ஆள் வருவார். நீர்க்கட்டி கலங்கல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்திருக்க வேண்டும். வந்தவர் செருப்பில்லாமல் அந்தக் கல்வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார். மேலே மண் வைத்திருக்கிறதா, மூட்டை அடுக்கியிருக்கிறதா, பனைமரம் போட்டிருக்கிறதா என்று பாதத்தால் பார்ப்பார். நடந்து முடித்ததும் நீர்க்கட்டி ஒரு பிடி ஏரிச்சேறு எடுத்து அவர் கையில் வைத்து, "கல்லு காலியா கீது. தண்ணி கல்லத் தாண்டாது. என் மேல" என்று சொல்ல வேண்டும். அவர் அந்தச் சேற்றைக் கொண்டுபோய் உள்ளேரி மேட்டில் இருக்கிற பிள்ளையார் மேடையில் தடவுவார். அதற்குப் பிறகு எவ்வளவு மழை அடித்தாலும் உள்ளேரிக்காரர்கள் நிம்மதியாகப் படுப்பார்கள். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஒரு பிடி சேறுதான்.

அந்த வருஷம் கல் நடக்க வந்தவர் பெயர் சின்னாண்டி. ஒல்லியான மனிதர், விளையாட்டாகப் பேசுவார். நடந்து முடித்து, "பாதம் சுத்தமா கீதுடா. உன் அப்பன் களுவனத விட நல்லா களுவிக் கீற" என்று என் முதுகில் தட்டினார். நான் சேற்றை எடுத்து அவர் கையில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்தச் சின்னாண்டி உன் அம்மாவின் அப்பா. உன் தாத்தா.

அதற்கு முந்தின இரண்டு வருஷம் மழை பொய்த்திருந்தது. ஐப்பசி முதல் மழையிலேயே ஏரி கல் அளவுக்கு வந்துவிட்டது. வந்த தண்ணீரை ஏன் வழிய விட வேண்டும், இரண்டடி உயர்த்திப் பிடித்தால் கோடையிலும் ஒரு போகம் நெல் எடுக்கலாம் என்று ஊரில் பேச்சு வந்தது. ஒரு வியாழக்கிழமை மணியக்காரர் ஆள் அனுப்பினார். புங்கமங்கலத்தில் எது நடந்தாலும் அவர் வீட்டில் கேட்க வேண்டும். கிணறு வெட்டுவதானாலும் கேட்க வேண்டும், பெண் கொடுப்பதானாலும் கேட்க வேண்டும். அந்த ஊரின் குணம் அது. நாங்கள் வாசலுக்கு வெளியே நின்று, கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள்.

"கலங்கல்ல மூட்ட அடுக்குடா. ரெண்டடி" என்றார்.

"உள்ளேரிக்கு வாக்கு குடுத்துட்டேனே சாமி" என்றேன்.

"வாக்கு குடுத்தது நீ. ஏரி ஊரோடது. பெருமழ வந்தா எடுத்துடலாம். நானே சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் கை வைக்காதே" என்றார். பிறகு, "இன்னிக்கே செய். எல்லாரும் சந்தைல கீறாங்க" என்றார்.

உள்ளேரி மொத்தமும் அன்றைக்கு ஏரிக்கு இந்தப் பக்கம், சந்தையில் கிர்ணி விதைக்கும் கருவாட்டுக்கும் பேரம் பேசிக்கொண்டிருந்தது. நானும் அவர் அனுப்பிய இரண்டு ஆட்களும் மத்தியான வெயிலில் அறுபது மூட்டை மண் அடுக்கி, மேலே களிமண் பூசினோம். முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மணியக்காரர் என்ன செய்திருப்பார்? அடித்திருப்பார், வேலையிலிருந்து எடுத்திருப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் என் வாயில் வரவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நான் வேண்டிக்கொண்டது கணக்கு வர வேண்டும் என்று இல்லை. இவன் வாயில் அந்தச் சொல் வர வேண்டும் என்றுதான்.

பதினைந்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் மழை பிடித்தது. நான் கலங்கலுக்குப் போனபோது வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. தண்ணீர் மூட்டையின் கழுத்துக்கு நாலு விரல் கீழே நின்றது. அப்போது நான் ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளியிருக்கலாம். கை வைக்காதே என்று மணியக்காரர் சொன்னது காதில் இருந்தது. கேட்டுவிட்டு வரலாம் என்று ஓடினேன். செல்வம், கலங்கலிலிருந்து மணியக்காரர் வீடு எவ்வளவு தூரமோ, கரை மேலேயே ஓடினால் உள்ளேரியும் அதே தூரம்தான். ஓடிப் போய்க் கத்தியிருந்தால் மாட்டையும் பிள்ளையையும் மேட்டுக்கு ஏற்றியிருப்பார்கள். நான் இந்தப் பக்கம் ஓடினேன். அவர் பூஜையில் இருந்தார். வாசலில் நனைந்துகொண்டு நின்றேன். வெளியே வந்து வானத்தைப் பார்த்து, "ஒரு மணி நேரம் பாக்கலாம்டா" என்றார். நான் திரும்பி வந்தபோது தண்ணீர் மூட்டைகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீருக்கு அடியில் ஊறின மண்மூட்டையை மனுஷனால் அசைக்க முடியாது. இறங்கிப் பார்த்தேன். என் நகம்தான் பெயர்ந்தது.

அதற்குப் பிறகாவது உள்ளேரிக்கு ஓடினேனா? இல்லை. ஓடினால் நான்தான் அடுக்கினேன் என்று தெரிந்துவிடும் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

மத்தியானத்துக்குள் உள்ளேரி முழுகிவிட்டது. மிச்சத்தை உன் அம்மா வாயால் நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். தண்ணீர் வாசலுக்கு வந்ததும் சின்னாண்டி அவளையும் அவள் அம்மாவையும் பிள்ளையார் மேட்டுக்கு அனுப்பினார். அவர் மட்டும் திரும்பினார். உன் பாட்டி கத்தியிருக்கிறாள். "முட்டிக்கு மேல வராதுடி. கல்லுல நானே நடந்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, உழவு மாடு இரண்டையும் அவிழ்க்கப் போனார். மாடு ஒன்று நீந்தி வந்தது. அவரை மூன்றாம் நாள் பனந்தோப்பில் கண்டுபிடித்தார்கள். அதற்குள் தண்ணீர் வடிந்து, நான் மூட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். பேய் மழை என்று எல்லோரும் சொன்னார்கள். உன் அம்மா இன்றைக்கும் மழையைத்தான் திட்டுகிறாள்.

நான் அந்த வாரமே மெட்ராஸுக்கு ஓடி வந்தேன். மந்தைவெளியில் மூட்டை தூக்கினேன். அடுத்த வருஷம் அடையாற்றங்கரைக் குடிசைகளில் உள்ளேரி ஆட்கள் சிலர் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அடிபம்பில் ஒரு பெண் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். "நீ மடைக்கால் நீர்க்கட்டி ஊட்டுப் புள்ள இல்ல? எங்கப்பா உன்ன நல்லவன்னு சொல்வாரே" என்றாள். குடத்தை வாங்கி நான் தூக்கிக்கொண்டு போனேன். அப்படியே நாற்பத்தாறு வருஷம் போய்விட்டது. அவளை ஆசையில் கட்டிக்கொண்டேனா, பயத்தில் கட்டிக்கொண்டேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். ஆரம்பம் எதுவானாலும் ஆசை பிறகு நிஜமாகவே வந்தது. அது உனக்குத் தெரியும், நீ பார்த்திருக்கிறாய்.

அடையாற்றில் வெள்ளம் வந்த வருஷம் நீ உன் அம்மாவை முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தாயே, அப்போது அவள் நடுங்கிக்கொண்டே, "மாட்ட அவுத்துட்டியா? மாட்ட அவுத்துட்டியா?" என்று கேட்டாள். "எந்த மாடு நைனா?" என்று நீ என்னைக் கேட்டாய். "ஏதோ ஒளர்றா" என்றேன். உனக்கு நான் சொன்ன பொய்களில் பெரியது அது.

இப்போது உன் வீடு. தை மாதம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். அம்மா பிள்ளையார் மேட்டைக் கண்டுபிடித்து அழுதுகொண்டிருந்தபோது நான் தனியாகச் சுற்றினேன். உன் வாசற்படி பிள்ளையார் மேட்டுக்கு ஒரு ஆள் உயரம் கீழே இருக்கிறது. செம்மண் கொட்டி நிரவியிருக்கிறார்கள். நீ குழாய் போடத் தோண்டின பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். இரண்டடி செம்மண், அதற்குக் கீழே கறுப்புச் சேறு, அதில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடு. அது ஏரியின் வயிறு. அதன் பிறகு டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, டீ குடிக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கலங்கலுக்குப் போனேன். பழைய கல்வரிசைக்கு மேல் ஒரு முழ உயரத்துக்கு சிமெண்ட் கட்டியிருக்கிறது. யார் கட்டினது, எப்போது கட்டினது என்று பக்கத்தில் மாடு மேய்க்கிறவனுக்குத் தெரியவில்லை. "நல்லதுதானே பெரியவரே, தண்ணி நிக்கும்" என்றான். நான் அடுக்கினது மூட்டை, தண்ணீர் வடிந்ததும் பிடுங்கி எறிந்தேன். இது சிமெண்ட். இதைப் பிடுங்க ஆள் கிடையாது. கல் நடக்கிற வழக்கமும் இல்லை, நடக்க உள்ளேரியும் இல்லை. திரும்பி வந்து உன்னிடம், "தண்ணி வருமாடா?" என்று மட்டும் கேட்டேன். "அப்ரூவல் எல்லாம் வாங்கிட்டாங்க நைனா. பத்து வருஷமா ஏரியே நிரம்பலயாம்" என்றாய். ஏரி மறந்துவிடும் என்று நினைக்கிறாயா? இரண்டு வருஷம் பொய்த்த பிறகுதான் அன்றைக்கும் வந்தது.

அதனால் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே பால் காய்ச்சாதே. சாமான் ஏற்றாதே. கொட்டிவாக்கம் வாடகை வீட்டைக் காலி செய்யாதே. வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தால் திரும்பப் போய்க் கேள், வெட்கப்படாதே. குழந்தையை ஐப்பசி, கார்த்திகையில் அந்த மண்ணில் ஒரு நாள்கூடப் படுக்க வைக்காதே. கட்டின வீடு போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ரேவதியும் நீயும் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். இன்னும் ஒன்று. உன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. அங்கே வாங்கியிருக்கிற மற்ற குடும்பங்களுக்கும் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. என் பெயரோடு கொடு. வந்து காட்டச் சொன்னால் வருகிறேன். சிமெண்டின் உயரத்தையும், தண்ணீர் எந்த வாசலுக்கு முதலில் வரும் என்பதையும் காலால் நடந்து காட்டுகிறேன். யாரையும் போய், சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. கேட்கப் போன நேரத்தில்தான் உன் தாத்தா செத்தார்.

இதோடு முடித்து மடித்து வைத்தேன். அப்போதுதான் உன் அம்மா மாடியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாய்யா, நாலு நாளா எழுதிக்கினே கீற. புள்ளைக்கா?"

"ஆமா."

"இன்னா எழுதன? படி, கேக்கறேன். நீ படிச்சி நான் கேட்டதே இல்ல" என்று சொல்லி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் பெருமை.

அவளுக்கு எழுத்து தெரியாது. நான் என்ன வேண்டுமானாலும் படித்திருக்கலாம். பால் நன்றாகப் பொங்கட்டும், குழந்தைக்குச் சளி சரியானதா என்று இரண்டு வரி சொல்லியிருந்தால் சந்தோஷமாக எழுந்து போயிருப்பாள். அது எனக்குத் தோன்றியது, உன்னிடம் மறைக்க மாட்டேன். முதல் வரியிலிருந்து படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் வேகமாக ஓட முடியாது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக அவளிடம் போனது. கல் நடப்பது வந்தபோது தலையை ஆட்டினாள். சின்னாண்டி என்று படித்ததும் சிரித்தாள். வியாழக்கிழமை வந்த பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

படித்து முடித்தேன். மேலே யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள். அது ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருந்தோம்.

"அன்னிக்கு சந்தைல எங்கப்பா எனுக்கு வளையல் வாங்கிக் குடுத்தாரு" என்றாள். பிறகு, "அறுபது மூட்டையா?" என்றாள்.

"அறுபது."

"எங்கம்மா சாவற வரைக்கும் உன் கையால கஞ்சி குடிச்சா."

நான் கடிதத்தைத் தரையில் வைத்தேன். அவள் எழுந்து அதை எடுத்து என் கையில் திணித்தாள். "தபால்ல போடாத, லேட்டாவும். பஸ்ஸப் புடிச்சி நீயே போய்க் குடு. கொயந்தைய அங்க இட்டுக்கினு போவக் கூடாதுன்னு அம்மாவும் சொன்னான்னு எழுது. எனுக்கு அப்பால வந்து பதில் சொல்லு."

அம்மாவும் சொன்னாள். எழுதிவிட்டேன். கொட்டிவாக்கத்துக்கு பஸ் பிடிக்கக் கிளம்புகிறேன். இதை உன் கையில் கொடுத்ததும், இருந்து சாப்பிட்டுப் போ என்று சொல்லாதே. உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், நான் திரும்பிப் போக வேண்டும்.